ஆபரேட்டர் தவறு

என் மனைவி வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்வரை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை. ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரத்திலிருந்துதான் அது நினைத்த நேரத்தில் பொசுக்கென்று அணைய ஆரம்பித்தது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முப்பத்துநான்கு வருடம் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கணக்கு டீச்சர். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதன்பின் மூன்று வருடம் வீட்டில் இருந்தாள். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையைப் பார்த்த மாடி வீடு எங்களுடையது. அந்த மூன்று வருடமும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரில் வரும் எண் புதிரைப் போட்டுக்கொண்டிருப்பாள். போட்டு முடித்ததும், யாரும் திருத்தப் போவதில்லை என்று தெரிந்தும், ஓரத்தில் தானே ஒரு டிக் போட்டுக்கொள்வாள். எனக்கு அது கஷ்டமாக இருக்கும். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு டியூஷன் கம்பெனியில் ஆன்லைன் டீச்சராகச் சேர்ந்தாள். ஒரே ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்டோ ஒட்டிய அடையாள அட்டையோடு திரும்பி வந்தாள். வகுப்பு வீட்டிலிருந்துதான். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நாலிலிருந்து ஐந்து. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில். திரையில் தெரியாது என்றாலும், நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டுதான் நாற்காலியில் உட்காருவாள். ஐந்து மணிக்குக் கழற்றி, காலண்டர் ஆணியில் மாட்டுவாள்.

வேலை நிரந்தரமாக மூன்று மாதம் சோதனைக் காலம். அதில் டீச்சர் பக்கத்துக் கோளாறால் மூன்று வகுப்பு பாதியில் நின்றால் அத்தோடு சரி. இந்த விதியை அவள் முதல் நாளே எனக்குப் படித்துக் காட்டினாள். "நம்ம சிஸ்டம் நல்லாதானேங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். வீட்டில் ஒரு மெயின்டனன்ஸ்காரன் இருக்கும்போது இதெல்லாம் ஒரு கேள்வியா?

கம்ப்யூட்டர் எங்கள் பையன் படிக்கும்போது வாங்கியது. அவன் வேலைக்கு வெளியூர் போனபோது விட்டுப் போனான். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு ஸ்க்ரூடிரைவர் தெரியும். அதுதான் வினை.

நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் பெங்களூரில் தொழிற்சாலையில் இருந்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஆயுத பூஜையை விடமாட்டான். முதல் நாள் மெஷின்களை நிறுத்தி, கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுநாள் செவ்வந்திச் சரம் போட்டுப் பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். பூசணிக்காய் உடைப்பது மற்றவர்கள் வேலை. துடைப்பது என் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றோடொன்று உட்காரும் இடத்தில் ஒரு தலைமுடிகூட இருக்கக் கூடாது. இது எங்கள் வேத வாக்கு.

ரிட்டயர் ஆனபின் துடைக்க மெஷின் இல்லை. பண்டிகை வந்தால் கை நமநமவென்று இருக்கும். ஸ்கூட்டர், தையல் மெஷின், மிக்ஸி என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். போன வருஷம் கம்ப்யூட்டரின் முறை வந்தது. பக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சுபோலத் தூசி. பிரஷ் போட்டுத் தட்டினேன். விசிறியைக் கழற்றினேன். அதன் கீழே இருந்த அலுமினியக் கட்டையையும் கழற்றினேன். அந்தக் கட்டையின் அடியிலும், அது உட்காரும் சிப்பின் தலையிலும், சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. ஸ்பிரிட்டைத் தொட்டு, பனியன் துணியால் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு இரண்டையும் பளபளவென்று ஆக்கி மாட்டினேன். ஓட்டிப் பார்த்தால் முன்னைவிடச் சத்தம் குறைவு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க மெஷின் பண்டிகை முடிஞ்சிதா?" என்று கேட்டுவிட்டு அவள் பொரியைக் கொறித்தாள்.

லீவு முடிந்து மூன்றாம் நாள், வகுப்பு நடுவே திரை கருத்துப்போனது. கீழே இருந்த பெட்டியும் அணைந்தது. "ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் சமையலறையில் இருந்து ஓடி வந்தேன். பட்டனை அழுத்தினால் வரவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து வந்தது. வந்து, 'சென்ற முறை சரியாக அணைக்கப்படவில்லை' என்று அவளையே குற்றம் சொன்னது. அதற்குள் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒன்று.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி வந்தேன். தொழிற்சாலையில் பிரேக்டவுன் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். மெஷின் நின்றால் நேரம், குறை, காரணம், செய்த வேலை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. அதே மாதிரி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் காரணம் பிடிபடும் என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது.

முதல் சந்தேகம் கரண்ட் மேல். காவேரித் தண்ணீர் வரும் நாளில் கீழ் வீட்டுக்காரர் மோட்டார் போடுவார். அப்போது லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும். அவரிடம் போய் நாலிலிருந்து ஐந்து வரை மோட்டார் போட வேண்டாம் என்றேன். "ஆய்த்து சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளோண" என்று கன்னடத்தில் சொல்லி ஒத்துக்கொண்டார். மோட்டார் ஓடாத நாளிலும், அவள் வகுப்புக்கு முன்னால் பாடத்தை ஓட்டிப் பார்க்கும்போது கம்ப்யூட்டர் நின்றது. அடுத்து யு.பி.எஸ். பேட்டரியை மாற்றினேன். நின்றது. அடுத்து ரயில். எங்கள் வீட்டில் எக்ஸ்பிரஸ் போனால் டம்ளர் ஆடும். உள்ளே ஏதோ ஒரு இணைப்பு ஆடுகிறது என்று முடிவு பண்ணி, நாலு நாள் ஜன்னலில் நின்று வண்டிகளின் நேரத்தைக் குறித்தேன். ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு ரேம் என்கிற பச்சைப் பட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்து மாட்டினேன். இந்த வைத்தியம் ஊருக்கே தெரியும். அதற்கும் அது மசியவில்லை.

"பையனுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலாமே" என்றாள் அவள்.

"அவனுக்கு இன்னா தெரியும்? கம்ப்யூட்டர தொறந்து பாத்திருக்கானா அவன்?" என்று நான் எகிறினேன். அவன் தொழிலே கம்ப்யூட்டர்தான்.

இதற்கு நடுவே அவள் ஒன்று சொன்னாள். "நிக்கறதுக்கு முன்னாடி உள்ள ஃபேன் கத்துதுங்க. விர்ர்ருன்னு. நான் பேசறது எனக்கே கேக்கல. அப்பறம்தான் நிக்குது."

"ஃபேன்னா ஓடத்தான் செய்யும். ஓடாட்டிதான் கவலப்படணும்" என்றேன். அவள் சொன்னதை நோட்டில் எழுதவில்லை.

இரண்டாம் முறை வகுப்பில் நின்றபோது அவள் என்னைக் கூப்பிடக்கூட இல்லை. நானாக எட்டிப் பார்த்தேன். கறுத்த திரைக்கு முன்னால், கழுத்தில் அட்டையோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. சோதனைக் காலம் முடிய இன்னும் ஒரு வாரம் பாக்கி.

எனக்கு மண்டை காய்ந்தது. மறுநாள் காலையில் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, மூலையில் மணி காட்டும் எண்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். அதுவும் அசையாமல் ஓடியது. இன்னொரு மணி நேரம். கல்லு மாதிரி ஓடியது. வீடியோ இல்லை, பன்னிரண்டு பிள்ளைகள் இல்லை, அவள் திரையில் எழுதிக் காட்டும் வரைபலகை இல்லை. அதற்கு நான் வேலையே கொடுக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது வேறு. எழுந்துவந்து அவளிடம் சொன்னேன்.

"என்கிட்ட ஓடுது. உன்கிட்டதான் நிக்குது. நீ ஸ்க்ரீன்ல நாப்பது ஜன்னல் தொறந்து வெச்சிக்கினு அத போட்டு அமுக்கறே. அது இன்னா பண்ணும்?"

நான் நோட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முந்தின வரிகளிலெல்லாம் காரணம் காலியாக இருந்தது. அங்கேயும் அதையே எழுதினேன்.

அந்த இரண்டு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் மெஷின் ஏன் நின்றது என்று மெயின்டனன்ஸ்காரனுக்குத் தெரியவில்லை என்றால், அவன் தெரியவில்லை என்று எழுத மாட்டான். ஆபரேட்டர் தவறு என்று எழுதுவான். அதாவது, மெஷின் சரி, ஓட்டுகிறவன் சரியில்லை. இரும்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் கிரைண்டிங் மெஷின் ஓட்டிய ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. அவர் மெஷின் ஒரு மாதம் நின்று நின்று ஓடியது. "ஸ்பிண்டில் சூடாவுது சார், கை வெச்சி பாருங்க சார்" என்று என் பின்னாலேயே வருவார்; ஸ்பிண்டில் என்பது கல்லைச் சுழற்றும் தண்டு. நான் கை வைத்துப் பார்க்கும்போது மெஷின் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், சில்லென்று இருக்கும். மூன்று தடவை அவர் பெயருக்கு நேரே அப்படி எழுதினேன். அவரைச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். நல்ல கை அவருடையது. அப்புறம் மெஷின் பக்கம் அவர் வரவே இல்லை.

நான் அப்படிச் சொன்னதிலிருந்து என் மனைவி மாறிவிட்டாள். மவுஸைத் தொடும்போது சுடுபாத்திரத்தைத் தொடுகிற மாதிரி தொட்டாள். வரைபலகையைத் திறக்கவில்லை, தாளில் எழுதி கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிற டீச்சர் அவள். அந்த நாட்களில் சமையலறைக்கு அவள் குரலே வரவில்லை. அந்தச் சிக்கனத்தினாலோ என்னவோ இரண்டு நாள் வகுப்பு தப்பியது. "பாத்தியா?" என்று வேறு நான் கேட்டேன்.

மூன்றாம் நாள் அவள் துணி காயப்போட மேலே போயிருந்தபோது நான் கம்ப்யூட்டரைப் பார்க்க உட்கார்ந்தேன். அவள் மெயில் திறந்தே இருந்தது. கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு வகுப்பும் நின்றதற்குக் காரணம் தன்னுடைய அனுபவக் குறைவுதான் என்றும், தன் கணவர் மெஷின் விஷயம் நன்கு அறிந்தவர் என்றும், அவர் பார்த்ததில் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தாள். நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் என் பக்கம் தவறு என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கு உதவியாக ஏதாவது ஒரு புது சாமான் மாற்றிப் பார்க்கலாம் என்றுதான் எஸ்.பி. ரோடுக்குக் கிளம்பினேன்.

எஸ்.பி. ரோடில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சந்து ஒன்றில், ஒரு ஆள் மட்டுமே உட்காரக்கூடிய கடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் வயசுக்காரர் ஒருவர் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? இன்னா கம்ப்ளைண்ட்டு?"

சொன்னேன். என் நோட்டையும் நீட்டினேன். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அர்ரே, ஆபீஸ் மாதிரி எழுதிக்கிறீங்களே" என்று ரசித்தார். பிறகு, "நிக்கறதுக்கு முன்னாடி ஃபேன் கத்துதா?" என்று கேட்டார்.

நான் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "என் வைஃப் சொன்னாங்க. கத்துதாம்."

"ஆன் பண்ணா உடனே வராது, ரெண்டு நிமிஷம் ஆறினா வருது. சரியா? ஹீட்டு சார் அது. மேல இருக்கற அலுமினியம் பீஸ யாராச்சும் கழட்டினாங்களா?"

"நான்தான் கழட்டினேன். ஆயுத பூஜைக்கு. சுத்தமா தொடச்சி மாட்டினேன்."

"தொடச்சி?" அவர் சால்டரிங்கைக் கீழே வைத்தார். "பேஸ்ட்டு?"

"இன்னா பேஸ்ட்டு?"

"சாம்பல் கலர்ல இருந்திருக்குமே."

"அந்த அழுக்கா?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது அழுக்கில்ல சார். அதுதான் சாமானே. ரெண்டு மெட்டல் நடுவுல ஏர் நிக்கக் கூடாதுன்னு வெக்கறது. நீங்க அத எடுத்துட்டு பளபளன்னு மாட்டினா, கண்ணுக்கு ஒட்டினமாதிரி இருக்கும். ஒட்டாது. சூடு எப்டி மேல போவும்?"

எனக்கு அவர் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு கடைந்தாலும் இரும்பு முகம் சமமாக இருக்காது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதைக் காட்டத்தான் நீலச் சாயம் வைத்திருப்போம். ஒரு முகத்தில் சாயம் பூசி இன்னொன்றை அதன்மேல் வைத்து எடுத்தால், பத்துப் பன்னிரண்டு புள்ளியில்தான் நீலம் ஒட்டியிருக்கும். மற்ற இடமெல்லாம் காற்று. எத்தனை பேருக்கு நான் இதைக் காட்டியிருப்பேன்! எனக்குத் தெரிந்த விஷயத்தில்தான் நான் கோட்டை விட்டிருக்கிறேன். கடையில் நின்றபடியே எனக்கு வியர்த்தது.

அவர் பெட்டி விற்க மறுத்துவிட்டார். விரல் நீளத்துக்கு ஒரு ட்யூபைக் கொடுத்து, "கடலைப் பருப்பு அளவு வெச்சா சாக்கு சார், போதும். ஜாஸ்தி பூசாதீங்க" என்றார். கடிகாரம் இரண்டே முக்காலைக் காட்டியது.

ஆட்டோ மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மாட்டிக்கொண்டது. சட்டைப் பையில் ட்யூப் இருந்தது. ஒரு வழி தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சத்தமில்லாமல் பேஸ்ட்டைப் பூசி மாட்டிவிட்டு, ரேமில் லூஸ் காண்டாக்ட், சரிபண்ணிவிட்டேன் என்று சொன்னால் போயிற்று. கம்ப்யூட்டரும் ஓடும், என் மானமும் ஓடும். வீடு போய்ச் சேரும்வரை அந்த முடிவில்தான் இருந்தேன்.

மூன்று இருபத்தைந்துக்கு வீட்டில் நுழைந்தேன். காலண்டர் ஆணியில் அட்டை இல்லை. மேஜைமேல் ஒரு பழுப்புக் கவர் இருந்தது; கம்பெனி விலாசம் எழுதியிருந்தது; உள்ளே அட்டை இருப்பது புடைப்பாகத் தெரிந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்ததும் அவள் வந்து நின்றாள்.

"இன்னிக்கு தொறக்காதீங்க."

"பத்து நிமிஷம்மா. முடிஞ்சிடும்."

"வேணாங்க. வேலைய வுடறேன்னு நான் மெயில் எழுதி வெச்சிட்டேன். இன்னிக்கு க்ளாஸ் முடிஞ்சாலும் அனுப்பிடுவேன், நடுவுல நின்னாலும் அனுப்பிடுவேன். மூணாவது வாட்டி நின்னு அவங்க வாயால கேக்கறதுக்கு முன்னாடி நானே போய்க்கறேன். எனக்கு இந்த மெஷின் வரல. வரலன்னா வுட்டுடணும்."

இப்படித்தான் சொன்னாள், வரவில்லை என்று. நாலு வருஷத்துக்கு முந்திக்கூடப் பள்ளிக்கூடமே பயந்த பொதுத்தேர்வு வகுப்புகளைச் சிரித்துக்கொண்டே எடுத்தவள். ரேம், லூஸ் காண்டாக்ட் எல்லாம் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் கம்ப்யூட்டர் ஓடும். இவள் நாற்காலியில் உட்கார மாட்டாள்.

"உன்னால இல்ல" என்றேன். "நான் பண்ணது."

"இன்னா நீங்க பண்ணது?"

"ஆயுத பூஜைக்கு தொடச்சேன் இல்ல. உள்ள ஒரு பசை இருந்திச்சி. அழுக்குன்னு நெனச்சி தொடச்சிட்டேன். அது இல்லாம சூடாயி நிக்குது. உன் ஜன்னலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃபேன் கத்துதுன்னு நீ சொன்னியே, அதான் விஷயம்."

அவள் என்னையே பார்த்தாள். முகம் சிவந்து வந்தது.

"ஃபேன் கத்துதுன்னு நான் எத்தன வாட்டி சொன்னேன்?"

"ரெண்டு மூணு வாட்டி."

"எழுதினீங்களா?"

"இல்ல."

"மூணு வாரம். மூணு வாரமா தூங்கும்போதுகூட எந்த பட்டன தப்பா அமுக்கினேன்னு யோசிச்சிக்கினு இருந்தேன் நான்." அவள் குரல் உடைந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "சரி. அப்பறம் பேசிக்கறேன் உங்கள. மொதல்ல மாட்டுங்க. மணியாவுது."

மொபைல் டார்ச்சை அவளே பிடித்தாள். நான் கட்டையைக் கழற்றினேன். சிப்பின் தலை கண்ணாடிபோல மின்னியது, வெட்கமாக இருந்தது. கடலைப் பருப்பு அளவு பேஸ்ட் வைத்தேன். "போதுமா அது?" என்று அவள் கேட்டாள். "போதும்னுதான் கடைக்காரர் சொன்னாரு" என்றேன். முதல் தடவையாக அந்த மூன்று வாரத்தில் நான் ஒருவர் சொன்னதைக் கேட்டு நடந்தேன். மாட்டி முடித்து ஆன் பண்ணும்போது மூன்று ஐம்பத்திரண்டு. அவள் கவரைக் கிழித்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். வகுப்பில் இரண்டு முறையும் இருபதாவது நிமிஷத்தில்தான் அது நின்றது. பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணினேன். இருபது ஆனது. விசிறியின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்டது அவள் சத்தம்தான். வரைபலகையைத் திறந்துவிட்டாள் போல, முக்கோணம் போடுகிறாள், ஒரு பிள்ளை ஏதோ தப்பாகச் சொல்ல, "அப்படியா? அப்போ இந்த மூலைய எங்க கொண்டு போய் வெக்கறது, எங்க வீட்டு மாடியிலயா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். பன்னிரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ரயில் ஒன்று போனது. டம்ளர் ஆடியது. கம்ப்யூட்டர் ஓடியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு அவள் அட்டையை ஆணியில் மாட்டினாள். எழுதி வைத்திருந்த மெயிலை அழித்தாள். பிறகு என் நோட்டைக் கேட்டாள். விடைத்தாள் திருத்துகிற மாதிரி முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் விரல் நின்றது.

"ஆபரேட்டர்னா நானா?"

"ஃபேக்டரில அப்படி எழுதறது வழக்கம்."

"இதுக்கு முன்னாடி யாருக்கு எழுதினீங்க?"

கிரைண்டிங்காரர் விஷயத்தைச் சொன்னேன். ஸ்பிண்டில் சூடானதையும், அவர் என் பின்னால் வந்ததையும், ஸ்டோர்ஸையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு கணக்கு டீச்சருக்கே உரிய ஒரு கேள்வி கேட்டாள்.

"அது மொத தடவ நிக்கறதுக்கு முன்னாடி, கடைசியா அந்த மெஷின்ல கை வெச்சது யாரு?"

அதுவும் ஒரு ஆயுத பூஜைதான். பேரிங் வரைக்கும் கழற்றித் துடைத்து, நட்டை நன்றாக இறுக்கி மாட்டியவன் நான். இறுக்கம் கொஞ்சம் கூடினால் ஸ்பிண்டில் சூடாகும் என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அந்தப் பக்கம் நான் யோசித்ததில்லை.

நோட்டில் அந்த வரிகள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மெயின்டனன்ஸ் தவறு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அவரு இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாள். பொம்மனஹள்ளியில் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவள் வேலை நிரந்தரமான மறு ஞாயிறு, சர்ச்சிலிருந்து நேராக ஓசூர் ரோடு பஸ் ஏறினோம். அவர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அலைந்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க சார்" என்று பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி வந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்.

"வுடுங்க சார். ஸ்டோர்ஸ்ல வேல லேசு. கையில கிரீஸ் இல்ல. பழைய கத சார் அதெல்லாம்."

அந்த ரெஜிஸ்டரைப் பழைய பேப்பருக்குப் போட்டிருப்பார்கள். அதில் கோடு போட எனக்கு இனி வழியில்லை. என் மனைவி கைப்பையிலிருந்து எங்கள் நோட்டை எடுத்து, புதுப் பக்கமாகத் திறந்து என் மடியில் வைத்துப் பேனாவை நீட்டினாள். நான் எழுதினேன். மெஷின்: கிரைண்டிங். குறை: ஸ்பிண்டில் சூடு. காரணம்: மெயின்டனன்ஸ் தவறு. கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு தடவை படித்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. காலியாக இருந்த நேரம் என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்து, நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"இது எழுதல சார் நீங்க. மொத தடவ நின்னது காலைல பத்தே கால்."